கைகொடுத்த பண்டங்களும் காலை வாரிய பண்டங்களும்: விழாக்கால விருந்து குறித்து வாசகர் கேள்வி பதில்

விழா விருந்து முடிந்த கையோடு வரும் கடிதங்களில் பெருமிதத்தைவிட ஆற்றாமையே எப்போதும் மிகுதியாக இருக்கும், இம்முறையும் அப்படித்தான். எழுதியவர்களில் பெரும்பாலோர் சமைக்கத் தெரியாதவர்கள் அல்லர். நான்கு பேருக்குச் சமைத்துப் பழகிய கையால் இருபது பேருக்குச் சமைக்க முற்பட்டவர்கள். அளவு கூடும்போது சூடும் நேரமும் எவ்வாறு மாறுகின்றன என்பதை எந்தச் செய்முறைக் குறிப்பும் சொல்லித் தருவதில்லை என்பதால், ஒரே பொருள் குறித்த கடிதங்களை ஒன்றாக்கிச் சற்று விரிவாகவே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா, விருந்துக்காக முழுக்கோழியை ஓவனில் வைத்துச் சுட்டேன். மேல்தோல் பொன்னிறமாக அழகாக வந்தது. ஆனால் வெட்டியபோது நெஞ்சுக்கறி நார் நாராக வறண்டும், தொடை எலும்பின் அருகே சிவந்தும் இருந்தது. ஒரே கோழியில் ஒரு பகுதி அதிகமாகவும் மற்றொரு பகுதி குறைவாகவும் வெந்தது எப்படி? – முதன்முறையாக விருந்து சமைத்த வாசகி

பதில்: நெஞ்சுக்கறியும் தொடைக்கறியும் ஒரே உடலில் இருந்தாலும், அவற்றுக்கு வேண்டிய சூடு வேறுவேறு. நெஞ்சில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு. ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸைக் கடந்ததும் அதன் புரதங்கள் இறுகத் தொடங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். தொடையிலோ கொலாஜன் என்னும் கெட்டியான புரதம் நிறைய உண்டு. அது கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் கறி மென்மையாகும் என்பதால், தொடை 80 டிகிரியைத் தாண்டினால்கூடச் சுவை கூடுமே தவிரக் குறையாது. கோழி இறைச்சியின் மிகக் கனமான பகுதி 74 டிகிரியை எட்டினால் நோய்க்கிருமிகள் உடனடியாக அழிந்துவிடும் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஏற்றுக்கொண்ட அளவு. ஆகவே முழுக்கோழியைச் சுடுபவர் நெஞ்சு 74-ஐ மிகவும் தாண்டாமலும், தொடை அதற்குக் கீழே நின்றுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது எளிதான காரியமல்ல.

உங்கள் கடிதத்தின் இறுதியில், உறைந்த கோழியை அன்று காலையில்தான் வெளியே எடுத்து வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வெளிப்புறம் இளகிவிட்டாலும் தொடை உடலோடு சேரும் இடத்திலும் வயிற்றுக் குழியிலும் பனிக்கட்டி எஞ்சியிருக்கும். அந்தப் பனி உருகி முடிவதற்குள் நெஞ்சு வெந்து, வறண்டும் போய்விடும். உறைந்த கோழி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மெல்ல இளகுவதற்கு 2 கிலோவுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறைவெப்பத்தில் வைத்து இளக்குவது கூடாது. உட்புறம் உறைந்திருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும். அவசரமென்றால், நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றலாம்.

அடுத்த முறை, முந்தைய இரவே ஒரு கிலோ கறிக்கு 10 முதல் 12 கிராம் உப்பு என்ற அளவில் மேலும் உள்ளும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த உப்புநீரே மீண்டும் உள்ளே ஊறி, கறி தன் நீரைப் பிடித்துக்கொள்ள உதவும். தோலும் காய்ந்து மொறுமொறுப்பாக வரும். சுட்டு எடுத்தவுடன் வெட்டாமல் 15 நிமிடமேனும் ஆற விடுவதும் அவசியம். இன்னொரு வழியும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். தொடைகளையும் நெஞ்சையும் முன்னதாகவே தனித்தனியாகப் பிரித்து, தொடைகளை முதலிலும் நெஞ்சைப் பிறகும் ஓவனில் வையுங்கள். முழுக்கோழியாகப் பரிமாறும் அழகு போய்விடும் என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். அழகைப் பார்ப்பது ஒரு நிமிடம், சாப்பிடுவது அரை மணி நேரம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

எலும்பருகே சிவப்பாக இருந்தாலே வேகவில்லை என்று பொருளல்ல. இளங்கோழிகளின் எலும்பு மச்சையிலுள்ள நிறமி கசிந்து அந்த இடத்தைச் சிவக்கச் செய்வதுண்டு. நிறத்தை நம்பாமல், கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எப்போதும் அருமையாக வரும் கேக்கை விருந்துக்காக இரு மடங்கு அளவில் செய்தேன். எல்லாப் பொருள்களையும் சரியாக இரட்டித்தேன். ஓவனில் வைக்கும் நேரத்தையும் இரட்டித்தேன். ஓரம் கருகி, மேற்புறம் வெடித்து, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. என் கணக்கில் எங்கே தவறு? – கணித ஆசிரியை ஒருவர்

பதில்: கணித ஆசிரியையே கேட்பதால் கணக்காகவே பார்க்கலாம். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு. விருந்துக்கு எடுத்ததோ 23 செ.மீ. தட்டு. முன்னதன் பரப்பு ஏறத்தாழ 314 சதுர செ.மீ.; பின்னதன் பரப்பு ஏறத்தாழ 415. மாவு இரு மடங்கு, பரப்பு ஒன்றேகால் மடங்கைவிடச் சற்றே அதிகம். ஆகவே மாவின் உயரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கெட்டியான ஒரு பொருளின் நடுப்பகுதிக்கு வெப்பம் சென்று சேர எடுக்கும் நேரம், அதன் கனம் கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. தோராயமாகக் கனத்தின் வர்க்கத்தைப் பின்பற்றிக் கூடும். எனவே நேரத்தை இரட்டித்தும் நடுப்பகுதி வேகாமல் நின்றது. அதற்குள் வழக்கமான 180 டிகிரி சூட்டில் ஓரங்கள் இறுகி, மேலே ஓடு கட்டிவிட்டன. உள்ளே இன்னும் பொங்கிக்கொண்டிருந்த மாவு அந்த ஓட்டைப் பிளந்தது. வெளியே எடுத்ததும், மாச்சத்தும் முட்டையும் இறுகாத நடுப்பகுதி தன் எடையையே தாங்க முடியாமல் அமிழ்ந்தது.

மாவை இரட்டிக்க விரும்பினால் பரப்பையும் இரட்டியுங்கள். 20 செ.மீ. தட்டுக்கு இணையாக இரு மடங்கு பரப்புடையது 28 செ.மீ. தட்டு. அதில் மாவின் உயரம் மாறாது என்பதால் நேரமும் பெரிதாக மாறாது. அவ்வளவு பெரிய தட்டு இல்லையென்றால் இரண்டு 20 செ.மீ. தட்டுகளே உத்தமம். உயரமான கேக்தான் வேண்டும் என்றால் சூட்டை 160 டிகிரிக்குக் குறைத்து, அதிக நேரம் வைக்க வேண்டும். எப்படியாயினும் தட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவு ஊற்றக் கூடாது.

பள்ளம் விழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பேக்கிங் பவுடர் கூடிப்போனால், வாயுக் குமிழிகள் அளவுக்கு மீறிப் பெருத்து, சுவர் இறுகுவதற்குள் உடைந்துவிடும். சமையல் சோடா பேக்கிங் பவுடரைவிட மூன்று, நான்கு மடங்கு வீரியமுள்ளது. ஒன்று தீர்ந்துபோனால் மற்றொன்றை அதே அளவில் போடுபவர்களுக்குப் பள்ளத்தோடு சவர்க்கார வாசனையும் கிடைக்கும். ஓவன் கதவை முதல் பாதி நேரத்தில் திறந்து பார்ப்பதும் ஆபத்து. விருந்தினர் வந்து நிற்கும்போது யாராவது ஒருவர் ஆவலால் கதவைத் திறந்துவிடுவார். அவரைச் சமையலறைக்கு வெளியே வேறு வேலையில் அமர்த்திவிடுவது நல்லது.

விழுந்த பள்ளத்தை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடுவிலுள்ள வேகாத பகுதியை வட்டமாக வெட்டி நீக்குங்கள். வெந்த பகுதியைத் துண்டுகளாக்கிக் கண்ணாடிக் கிண்ணங்களில் இட்டு, பழத்துண்டுகளையும் கிரீமையும் அடுக்கடுக்காகச் சேர்த்தால் யாருக்கும் ஐயம் எழாது.

கேள்வி: குழம்பில் உப்பு கூடிவிட்டது. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்று எல்லோரும் சொன்னார்கள், போட்டும் பயனில்லை. – ஒரு வாசகர்

பதில்: பயனிருக்காது. உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தேர்ந்தெடுத்து உறிஞ்சுவதில்லை; உப்பு கலந்த நீரை உறிஞ்சுகிறது. கிழங்கை எடுத்துவிட்டால் குழம்பின் அளவுதான் குறையும், உவர்ப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத நீரோ, காய்ச்சிய பாலோ, வேகவைத்து மசித்த பருப்போ சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றே உண்மையான பரிகாரம். சிறிதளவு புளிப்பும் இனிப்பும் உவர்ப்பை நாவில் சற்று மறைக்கும்.

விருந்து நாளில் உப்பு ஏன் கூடுகிறது என்பதுதான் சுவையான கேள்வி. நெடுநேரம் கொதித்து வற்றப்போகும் பண்டத்துக்கு ஆரம்பத்திலேயே முழு உப்பையும் போட்டுவிட்டால், நீர் குறையக் குறைய உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். பல பண்டங்களை மாறி மாறி ருசி பார்க்கும் நாக்கும் உப்புக்குப் பழகி மந்தமாகிவிடும். கடைசி உப்பை, அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே வராத ஒருவரை அழைத்து ருசி பார்க்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: இது தோல்விக் கதையல்ல. வேலைப்பளு காரணமாக, ஆட்டிறைச்சிக் குழம்பை வேறு வழியின்றி முந்தைய நாளே செய்து வைத்துவிட்டேன். பழைய குழம்பு என்று குறை சொல்வார்களோ என்று அஞ்சினேன். ஆனால் அன்று பரிமாறியவற்றில் அதுவே முதலில் தீர்ந்தது. இது தற்செயலா? – பணிக்குச் செல்லும் வாசகி

பதில்: தற்செயலே அல்ல. இறைச்சியிலிருந்து கரைந்த ஜெலட்டின் ஆறும்போது குழம்பைத் திடமாக்கி, மீண்டும் சூடாக்கும்போது நாவில் வழவழப்பான கனத்தைத் தருகிறது. உப்பும் மசாலாவின் சாரமும் துண்டுகளின் உட்புறம் வரை செல்ல நேரம் கிடைக்கிறது. பூண்டு, வெங்காயம் போன்றவற்றின் கார நெடியும் தணிந்துவிடுகிறது. மேலே உறைந்து நிற்கும் கொழுப்பை வேண்டிய அளவு வழித்தெடுத்துவிடவும் முடிகிறது.

உங்களைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. பல மணி நேரம் ஒரே வாசனையில் நிற்பவரின் மூக்கு அந்த வாசனையை உணர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். சமைத்தவருக்கே அன்றைய சமையல் சப்பென்று தோன்றுவதற்கு இதுவே காரணம். முந்தைய நாள் சமைத்துவிட்டுத் தூங்கி எழுந்தவருக்கோ விருந்தினரின் மூக்கே வாய்க்கிறது. உங்கள் குழம்பை நீங்களும் அன்றுதான் உண்மையில் ருசித்திருப்பீர்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. பெரிய பாத்திரத்தோடு இரவு முழுவதும் மேடையிலேயே ஆற விடக் கூடாது. ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். 4 முதல் 60 டிகிரி வரையிலான சூடு கிருமிகள் பெருகுவதற்கு ஏற்றது. ஆழமில்லாத பல தட்டுகளில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். மறுநாள் குழம்பு முழுவதும் தளதளவென்று கொதிக்கும்படி சூடாக்க வேண்டும்.

விருந்துக்கான பண்டங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் உங்கள் கடிதத்தை அளவுகோலாகக் கொள்ளலாம். காத்திருந்தால் கெட்டுவிடும் பண்டம், காத்திருந்தால் கெடாத பண்டம், காத்திருந்தால் மேம்படும் பண்டம் என்று பட்டியலைப் பிரித்துப் பார்த்து, முதல் வகையில் ஒன்றுக்கு மேல் இல்லாதபடி பார்த்துக்கொண்டால், விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் சமைத்தவர் முகம் வாடாது.

கேள்வி: ராஜ்மாவை இரவு முழுவதும் ஊறவைத்தேன். மறுநாள் தக்காளிச் சாற்றில் மூன்று மணி நேரம் கொதித்தும் கொட்டை கொட்டையாகவே நின்றது. உப்பைத் தொடக்கத்திலேயே போட்டதுதான் காரணம் என்கிறார் என் நாத்தனார். – இளம் வாசகி

பதில்: உங்கள் நாத்தனாரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: உப்பு குற்றவாளி அல்ல. ஊறவைக்கும் நீரில் உப்பு சேர்த்தால், சோடியம் தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பருப்பு இன்னும் விரைவாகவே மென்மையாகும். குற்றம் தக்காளியுடையது. பருப்பின் செல்சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அது குழையும். புளிப்பான நீரில் பெக்டின் எளிதில் கரையாது. உருளைக்கிழங்கும் அப்படியே. முதலில் வெறும் நீரில் குழைய வேகவைத்து, பிறகு புளிப்பைச் சேர்ப்பதுதான் முறை. கால்சியம் மிகுந்த கடின நீரும், ஆண்டுக்கணக்கில் டப்பாவில் கிடந்த பழைய பருப்பும்கூட இதே தொல்லையைத் தரும்.

ராஜ்மா குறித்து எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அதில் இயற்கையாகவே லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. அரைவேக்காட்டில் சிலவற்றை உண்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்டால் அந்த நச்சு அழிந்துவிடும். கொதிநிலையை எட்டாமல் மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பாத்திரங்களில் ராஜ்மாவை நேரடியாகப் போடக் கூடாது. உங்கள் ராஜ்மா மூன்று மணி நேரம் கொதித்துவிட்டது என்பதால், பல்லுக்குத்தான் வேலையே தவிர வயிற்றுக்கு ஆபத்தில்லை.

கேள்வி: கடையில் வாங்கிய ஜெலட்டினில் அன்னாசித் துண்டுகளைப் போட்டு ஜெல்லி செய்தேன். இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தும் உறையாமல் நீராகவே இருந்தது. சென்ற முறை இதே செய்முறையில் டப்பாவில் அடைத்த அன்னாசியைப் பயன்படுத்தியபோது நன்றாக வந்தது. புதிய பழம் போட்டால் இன்னும் நன்றாக வர வேண்டாமா? – கல்லூரி மாணவி

பதில்: விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பச்சை அன்னாசியில் புரோமலின் என்னும் நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டித் துண்டாக்குவதே அதன் வேலை. ஜெலட்டினும் புரதம்தான். டப்பாவில் அடைப்பதற்காகச் சூடாக்கும்போது அந்த நொதி செயலிழந்துவிடுவதால் டப்பா அன்னாசி தொல்லை தருவதில்லை. பப்பாளி, கிவி, அத்தி ஆகியவற்றிலும் இத்தகைய நொதிகள் உண்டு. பழத்துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் போடுங்கள். அல்லது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரைப் பயன்படுத்துங்கள். அது மாவுச்சத்து இனத்தைச் சேர்ந்தது என்பதால் இந்த நொதியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. இதே நொதிதான் கெட்டியான இறைச்சியை மென்மையாக்கவும் பயன்படுகிறது. அங்கும் இரவு முழுவதும் ஊறவிட்டால் கறி கூழாகிவிடும்.

கேள்வி: முட்டையும் சோளமாவும் சேர்த்துச் செய்த கஸ்டர்ட், இரவு கரண்டியில் நிற்கும் அளவு கெட்டியாக இருந்தது. மறுநாள் விருந்தில் பரிமாறும்போது பால் போல ஓடியது. – ஒரு வாசகி

பதில்: முட்டை திரிந்துவிடுமோ என்று அஞ்சி, லேசாகக் கெட்டியானதுமே அடுப்பிலிருந்து இறக்கியிருப்பீர்கள். முட்டை மட்டும் சேர்த்த கஸ்டர்டுக்கு அந்த அச்சம் சரியானது. அது 83 டிகிரிக்கு மேல் போனால் திரியத் தொடங்கும். சோளமாவு சேர்த்ததற்கோ நேர்மாறான விதி. மஞ்சள்கருவில் மாச்சத்தைச் சிதைக்கும் அமிலேஸ் என்னும் நொதி இருக்கிறது. நன்றாகக் கொதிக்கவிட்டால்தான் அது அழியும். இல்லையெனில் இரவெல்லாம் அமைதியாக வேலை செய்து, கஸ்டர்டை இளக்கிவிடும். சோளமாவு முட்டையைத் திரியவிடாமல் காக்கும் என்பதால், குமிழி வந்த பிறகும் விடாமல் கிளறியபடியே ஒன்று, இரண்டு நிமிடம் தைரியமாகக் கொதிக்கவிடலாம். நம் எச்சிலிலும் இதே வகை நொதி உண்டு. நக்கிப் பார்த்த கரண்டியை மீண்டும் பாத்திரத்துக்குள் விடும் குழந்தைகள் வீட்டில் இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

கஸ்டர்ட் பவுடரில் இந்தத் தொல்லை கிடையாது. 1837-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், தம் மனைவிக்கு முட்டை ஒவ்வாது என்பதற்காக முட்டையே இல்லாமல் சோளமாவை வைத்து அதை உருவாக்கினார்.

கேள்வி: மசித்த உருளைக்கிழங்கை அதிக அளவில் செய்ய வேண்டியிருந்ததால் மிக்ஸியில் அரைத்தேன். பசை போலாகிவிட்டது. – ஒரு வாசகர்

பதில்: மிக்ஸியின் கத்தி, வெந்த கிழங்கின் செல்களைக் கிழித்து உள்ளிருக்கும் மாச்சத்தை வெளியேற்றிவிடுகிறது, நீங்கள் பெற்றது ஏறக்குறைய உண்மையான பசையே. அதை மீண்டும் பூப்போல ஆக்க வழியில்லை. தட்டில் பரப்பி, மேலே சீஸும் ரொட்டித் தூளும் தூவி ஓவனில் சிவக்க வைத்து வேறு பெயரில் பரிமாறுங்கள். எத்தனை கிலோவாக இருந்தாலும் கிழங்கைச் சூடாக இருக்கும்போதே கையால்தான் மசிக்க வேண்டும். வடித்தவுடன் அதே பாத்திரத்தில் இரண்டு நிமிடம் குறைந்த தீயில் வைத்து ஈரத்தைப் போக்கி, முதலில் வெண்ணெயையும் பிறகு சூடான பாலையும் சேருங்கள்.

கேள்வி: வீட்டில் நால்வருக்கு வறுக்கும்போது கறித்துண்டுகள் நன்றாகச் சிவக்கின்றன. விருந்துக்காகப் பெரிய வாணலியில் மூன்று கிலோ போட்டபோது நீர்விட்டுச் சாம்பல் நிறமாகிவிட்டது. – ஒரு வாசகி

பதில்: வாணலி பெரிதானாலும் அடுப்பு அதே அடுப்புதானே! குளிர்ந்த கறி ஒரே நேரத்தில் குவிந்ததும் வாணலியின் சூடு சரிகிறது. கறி விடும் நீர் ஆவியாக வழியின்றித் தேங்குகிறது. நீர் தேங்கியிருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணம் பெறுவதற்குக் காரணமான வேதிவினையோ 140 டிகிரிக்கு மேல்தான் விறுவிறுப்படைகிறது. 1912-இல் இதை முதலில் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் பெயராலேயே அதை மயார் வினை என்கிறார்கள். துண்டுகளின் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, ஒன்றோடொன்று தொடாதபடி சிறு சிறு பகுதிகளாக வறுப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. நேரம் இல்லையென்றால் தட்டில் பரப்பி மிகுந்த சூடான ஓவனில் வைக்கலாம்.

கேள்வி: ஐந்து புதிய பண்டங்களைக் குறிப்பைப் பார்த்து ஒரே நாளில் செய்தேன். மூன்று தேறவில்லை. பழக்கமான பண்டங்களையே செய்திருக்க வேண்டும் என்கிறார் என் மனைவி. விழா நாளில்கூடப் புதிதாக எதையும் செய்யக் கூடாதா? – பணி ஓய்வுக்குப் பின் சமையலில் இறங்கிய வாசகர்

பதில்: ஐந்தில் இரண்டு தேறியதே பெரிது. புதியது செய்யலாம், ஆனால் ஒன்றே ஒன்று, அதுவும் இல்லாவிட்டாலும் விருந்து நிறைவுபெறும் ஓரத்துப் பண்டமாக இருக்கட்டும். நடுநாயகமான பண்டத்தை விழா நாளில் முதன்முறையாகச் செய்து பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே, அதே அடுப்பில், அதே பாத்திரத்தில், முடிந்தால் பாதி அளவிலாவது செய்து பார்த்து, குறிப்பில் உள்ள நேரத்துக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டு நேரத்தை எழுதிவையுங்கள். குறிப்புகளில் சொல்லப்படும் நேரம் அதை எழுதியவருடைய அடுப்பின் நேரம். வெங்காயத்தை ஆழ்ந்த பழுப்பு நிறம் வரை வதக்க 10 நிமிடம் போதும் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சினமே வருகிறது. 40 நிமிடத்துக்குக் குறைந்து அது நடக்காது.

உங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த பட்டியலைப் பார்த்தேன். தேறாத மூன்றுமே கடைசி அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் அடுப்பு வேண்டும். கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் இரண்டே கைகளால் அதைச் சமாளித்திருக்க முடியாது. பரிமாறும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த நேரத்தில் எந்த அடுப்பில் எது இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால், அந்த மூன்றில் இரண்டை நீங்களே அடித்திருப்பீர்கள். உங்கள் மனைவி சொல்வது பாதி சரி என்பதே என் தீர்ப்பு. மறுபாதியை அவரிடம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

கேள்வி: விருந்தில் மிஞ்சிய சோற்றை மாலை வரை வெளியே வைத்திருந்து, இரவில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டோம். மூவருக்கு வாந்தி. கொதிக்கும் சூட்டில் கிருமி சாகாதா? – ஒரு வாசகி

பதில்: அறிகுறிகளைப் பார்த்தால் சோற்றின் மீதுதான் முதல் ஐயம் விழுகிறது. பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இருப்பது இயல்பு. அவை சோறு வேகும் சூட்டையும் தாக்குப்பிடிக்கும். வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. மீண்டும் சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம். ஆனால் வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. சோறு மிஞ்சும் என்று தெரிந்தவுடன், பந்தி முடியும் வரை காத்திராமல் அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியே வெயில் கடுமையாக இருக்கும் நாளில் அந்த இரண்டு மணி நேரத்தையும் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.